ரீலோடிங் பிரஸ் மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, எதைத் தொடுவது

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், கடைத் தோட்டா கட்டுப்படியாகாமல், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். போட்டிகளில் சுடுபவர்களுக்குக் காசு இரண்டாம் பட்சம். தங்கள் துப்பாக்கிக்குப் பொருந்துகிற, ஒன்றுபோல் ஒன்று இருக்கிற தோட்டா வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. இந்த வேலை முழுவதும் நடப்பது ரீலோடிங் பிரஸ்ஸில். கைப்பிடியை இழுத்தால் ராம் என்கிற தண்டு மேலே ஏறும். அதன் தலையில் கூட்டின் விளிம்பைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் நிற்கும் கூடு, மேலே மரையில் ஏற்றியிருக்கும் டை என்கிற அச்சுக்குள் நுழையும். வெடிமருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் பதித்திருக்கும் பழைய பிரைமரைத் தள்ளுவது, விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்குவது, குண்டை உட்கார வைப்பது எல்லாமே இந்த ஓர் அசைவில்தான்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்காவில் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் கட்டாயம். வெடிமருந்தும் பிரைமரும் எவ்வளவு வைத்திருக்கலாம், எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு ஊருக்கு ஊர் தனி விதிகள் இருக்கும். குடியிருப்பு ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இந்தியாவில் கதையே வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இது அமெரிக்காவில் சட்டப்படி இந்த வேலையைத் தொடங்கியிருக்கும் புதியவர்களுக்கானது. எவ்வளவு மருந்து போடுவது என்ற பேச்சே இதில் கிடையாது. அதற்கு அச்சிட்ட கையேடுகள் இருக்கின்றன. இங்கே பார்க்கப்போவது பிரஸ் என்கிற இரும்பை மட்டும்.

"பிரஸ் கெட்டுப்போச்சு" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்களுடைய பிரஸ் கெட்டிருக்காது. வார்ப்பிரும்புச் சட்டம் அவ்வளவு லேசில் கெடாது. எங்கேயோ அழுக்கு சேர்ந்திருக்கும், ஒரு போல்ட்டு தளர்ந்திருக்கும், மூட்டு எண்ணெயில்லாமல் காய்ந்திருக்கும், அல்லது டை ஓர் இம்மி நகர்ந்திருக்கும். புதிய பாகம் வாங்குவதற்கு முன்னால் இந்த நான்கையும் இதே வரிசையில் பார்த்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

மேசையில் இருக்கும் மருந்தை அதன் சொந்த டப்பாவில் திரும்ப ஊற்றி மூடி, வேறு இடத்தில் வையுங்கள். பிரைமர் குழாயில் பிரைமர்கள் இருந்தால் தட்டில் கொட்டிக் கழித்துவிட்டு, அவற்றையும் அப்புறப்படுத்துங்கள். டைக்குக் கீழே நிற்கும் கூடுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். உள்ளே உயிருள்ள பிரைமர் ஒன்று எங்காவது சிக்கியிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், அது வெளியே வரும்வரை சுத்தியல், நெம்புக் கம்பி, டிரில் எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது.

கறுப்புத் தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிந்த பிரைமரிலிருந்து விழும் அந்தச் சாம்பல் மாதிரியான தூளில் ஈயம் உண்டு. வழக்கமான பிரைமர்களின் அடிப்படைப் பொருளே ஓர் ஈயச் சேர்மம்தான். காற்றடித்து ஊதாதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். கையுறை நல்லது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காபியைத் தொட வேண்டும். குழந்தைகள் தவழும் அறையில் பிரஸ் வைக்கவே கூடாது. சிந்திய மருந்தை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் ஆபத்து. மோட்டாரின் ஒரு பொறி போதும்.

குற்றவாளியைத் தனிமைப்படுத்துவது

கைப்பிடி இறுகுகிறது என்றால் உடனே எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள். இறுக்கம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

டையைக் கழற்றிவிடுங்கள். ஷெல் ஹோல்டரையும் எடுத்துவிடுங்கள். வெறும் ராமை மெதுவாக மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். இப்போதும் இறுகினால் கோளாறு ராமிலோ கீழே உள்ள இணைப்பு மூட்டுகளிலோ இருக்கிறது. சீராக ஓடினால் பிரஸ் நிரபராதி. அடுத்து ஷெல் ஹோல்டரை மாட்டி, கூடு இல்லாமல் ஓட்டுங்கள். பிறகு டையைப் போட்டு, அதற்குப் பிறகு சுத்தமான, மசகு தடவிய ஒரே ஒரு கூட்டை வைத்து ஓட்டுங்கள். எந்தப் படியில் இறுக்கம் திரும்ப வருகிறதோ அங்கேதான் ஆசாமி ஒளிந்திருக்கிறான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டையை அரைச் சுற்று இறக்கி, ஷெல் ஹோல்டரையும் மாற்றி, கூடவே புது மசகையும் தடவினால், சரியானது எதனால் என்று கடைசிவரை தெரியாது. பழுது மறுபடி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இறுக்கம் எந்த இடத்தில் வருகிறது என்பதும் ஒரு துப்பு. ஓட்டத்தின் உச்சியில் மட்டும் இறுகினால் டை அதிகமாக இறங்கியிருக்கலாம். முழு நீளமும் ஒரே மாதிரி இழுவையாக இருந்தால் காய்ந்த ராம். ஒரு புள்ளியில் மட்டும் 'கடக்' என்று தடுத்து விடுகிறது என்றால் துருக் கீறலோ, ராமுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிய தூளோ. கூடு டையிலிருந்து வெளியே வரும்போது மட்டும் 'கிரீச்' என்று கத்தினால் அது பிரஸ்ஸே அல்ல. டைக்குள்ளிருக்கும் விரிப்பு உருண்டை கழுத்தின் உட்புறத்தை உரசுகிறது. கழுத்துக்குள் கொஞ்சம் கிராஃபைட் தூள் போட்டால் அடங்கிவிடும்.

மேசையும் போல்ட்டும்

இதை யாரும் பழுது என்று எண்ணுவதில்லை, ஆனால் இதனால் வரும் தொல்லை கொஞ்சமல்ல. கைப்பிடியை இழுக்கும்போது உங்கள் கண் பிரஸ்ஸின் மேல் இருக்க வேண்டாம், மேசையின் விளிம்பைப் பாருங்கள். பலகை வளைந்து நிமிர்கிறதா? அப்படியானால் உங்கள் விசையில் ஒரு பங்கு மரத்தை வளைப்பதில் போகிறது. குண்டு உட்காரும் ஆழம் ஒவ்வொன்றிலும் மாறுவதற்கு இது போதும். மர ஆணித் திருகுகளைவிட, பலகையைத் துளைத்து அடியில் அகலமான வாஷரும் நட்டும் போட்ட போல்ட்டு மேல். முன்விளிம்புக்கு அடியில் இன்னொரு கனமான பலகையோ இரும்புத் தகடோ கொடுங்கள். மேசையைச் சுவரில் பிணைத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

ராமும் மூட்டுகளும்

பிரைமர் சாம்பல் ஒரு நுண்ணிய அரக்கன். ராம் தண்டில் எண்ணெய் பூசியிருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொண்டு, ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதனால் அழுக்கின் மேலேயே எண்ணெய் ஊற்றுவது நல்லதைவிடக் கெடுதலைத்தான் செய்யும். முதலில் ராமை உச்சிக்கு ஏற்றிச் சுற்றிலும் துடையுங்கள். பிறகு அடிக்கு இறக்கி மேல்பக்கம் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை விடாதீர்கள். பிறகு இரண்டு மூன்று சொட்டு எண்ணெய், சில தடவை ஓட்டம், வழிவதைத் திரும்பத் துடைப்பு. ராம் பார்ப்பதற்குக் காய்ந்த மாதிரி, தொட்டால் வழுக்குகிற மாதிரி இருக்க வேண்டும்.

கீழ் மூட்டுகளின் ஊசிகளுக்குச் சாதாரண மோட்டார் எண்ணெய் போதும். சில தயாரிப்பாளர்கள் சில இடங்களில் கிரீஸ் போடச் சொல்வார்கள். அதற்கு உங்கள் பிரஸ்ஸின் கையேடுதான் வேதவாக்கு. துரு விடுவிக்கும் ஸ்பிரேயைச் சுத்தம் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது சீக்கிரம் ஆவியாகி மூட்டைப் பழையபடி வெறுமையாக விட்டுவிடும்.

ஈரப்பதம் உள்ள கேரேஜில் கிடந்த பிரஸ்ஸில் மேலோட்டமான துரு படிந்திருக்கும். மிக நைசான எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, ராமின் நீளவாக்கில் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம். விரல் நகத்தில் தட்டுப்படும் குழி விழுந்துவிட்டால் அது துடைத்துத் தீரும் விஷயமல்ல, ராமை மாற்ற வேண்டும்.

மூட்டைக் கழற்றும்போது ஒரு சின்ன எச்சரிக்கை: ஊசிகளைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் தெறித்து ஓடுவதில் மன்னர்கள். ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு கழற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால், திரும்ப மாட்டும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது.

டையில் கூடு சிக்கிக்கொண்டால்

புதியவர்களுக்கு வியர்க்க வைப்பது இதுதான். ரைஃபிள் கூட்டை டைக்குள் ஏற்றியாயிற்று, கைப்பிடி திரும்ப வரவில்லை. ஓங்கி இழுக்கிறார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். ராம் இறங்கிவிடுகிறது, கூட்டின் விளிம்பு மட்டும் ஷெல் ஹோல்டரில் கிழிந்து நிற்கிறது, மிச்சம் டைக்குள்ளேயே இறுகிக்கிடக்கிறது.

காரணம் அநேகமாக ஒன்றுதான், மசகு போதவில்லை. ஸ்பிரே மசகை அடித்தவர்கள் அது காய்வதற்குள் அவசரப்பட்டிருப்பார்கள். அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் வழுக்கும் படலம் தங்கும். சில நிமிடங்கள் பொறுத்தே ஆக வேண்டும். கார்பைடு வளையம் உள்ள கைத்துப்பாக்கி டைகளுக்கு மசகு இல்லாமலே ஓடும் என்பதால், 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பிப் பழகிவிட்டு .308 ரைஃபிள் தோட்டாவுக்கு வருகிறவர்கள் இந்தக் குழியில் சரியாக விழுவார்கள்.

இறுகியதும் முதலில் கையை எடுங்கள். விளிம்பு இன்னும் கிழியாமல் இருந்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. டையின் மேலே தெரியும் பிரைமர் தள்ளும் தண்டைத் தளர்த்தி, மேல் நோக்கித் திருகி உயர்த்துங்கள். கூட்டுக்குள் நிற்கும் விரிப்பு உருண்டை அதோடு ஏறும். கூட்டுக்கும் டைக்கும் நடுவே கசியும்படி ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் நிதானமான, விட்டுவிடாத அழுத்தம் கொடுங்கள். வெட்டி வெட்டி இழுத்தால் விளிம்புதான் கிழியும்.

கிழிந்தே போய்விட்டால், இழுப்பான் செட் வேண்டும். ரீலோடிங் கடைகளில் பெரிய செலவில்லாமல் கிடைக்கும். முறை இது:

1. டையைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றுங்கள். கூட்டில் உயிருள்ள பிரைமர் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு டையின் தயாரிப்பாளருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.
2. பிரைமர் தள்ளும் தண்டை முடிந்த அளவு வெளியே எடுங்கள். அது உள்ளே இருக்கும்போது டிரில் போட்டால் தண்டும் போகும், டிரில் முனையும் போகும்.
3. டையை மென்மையான தாடை உள்ள வைஸில் நிறுத்தி, பிரைமர் குழியின் நடுத்துளை வழியாக, கூட்டின் அடித்தட்டை மட்டும் துளையுங்கள். செட்டில் கொடுத்த அளவு டிரில்லையே பயன்படுத்துங்கள். அடித்தட்டு முடிந்ததும் கை லேசாவது தெரியும், அதோடு நிறுத்துங்கள்.
4. அதே செட்டின் மரை வெட்டியால், கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை என்ற அளவில் துளைக்குள் மரை வெட்டுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பிசிறை உடைத்துக்கொண்டே போங்கள்.
5. கூட்டின் மேல் செட்டின் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் வழியாகப் போல்ட்டைப் போட்டு இறுக்குங்கள். போல்ட்டு இறுக இறுகக் கூடு கீழே இறங்கி வெளிவரும்.

கூடு வந்ததும் டையின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை அப்பியிருந்தால் நைசான பாலிஷ் பசை தொட்ட துணியைக் குச்சியில் சுற்றித் தேய்த்து எடுக்கலாம். எஃகிலேயே கீறல் விழுந்திருந்தால் அடுத்து வரும் ஒவ்வொரு கூட்டிலும் கோடு விழும். அந்த டைக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

மசகு கூடினாலும் தொல்லைதான். கூட்டின் தோள்பட்டையில் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்தால் உள்ளே மசகு தேங்குகிறது என்று அர்த்தம். டையின் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தள்ளும் ஊசி

பிரைமர் தள்ளும் ஊசி அடிக்கடி வளைகிறதா, ஒடிகிறதா? கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவே ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டான் வகைக் கூடு, இந்த ஊசிக்கு ஏற்றதல்ல. பொறுக்கி வந்த குவியலில் ஒன்றிரண்டு கலந்துதான் வரும். இன்னொரு காரணம், உள்ளே மாட்டிய கூழாங்கல் அல்லது கழுவும்போது தங்கிப்போன தேய்ப்புத் துகள். ஊசி மாற்ற ஒரு நிமிடம் போதும், ஆனால் உபரி ஊசி கையில் இருக்க வேண்டும்.

பிரைமர் உட்காராவிட்டால்

பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு தாழ்ந்து உட்கார வேண்டும் என்பது பொதுக் கணக்கு. விரல் நுனியால் தடவினால் மேடு தட்டக் கூடாது. மேடாக நிற்கும் பிரைமர் சுடாமல் ஏமாற்றலாம். தானியங்கித் துப்பாக்கியில் அதைவிட மோசமாக, பூட்டும் முன்பே வெடிக்கவும் கூடும்.

பிரைமர் உள்ளே போக மறுத்தால் கைப்பிடியில் இன்னும் பலம் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைத்தான் செய்யவே கூடாது. பிரஸ்ஸின் நெம்புவிசை பல மடங்கு. உங்கள் கைக்கு லேசாகத் தெரிவது அங்கே நசுக்கும் பலம். நிறுத்திக் கூட்டை எடுத்துப் பாருங்கள்.

ராணுவக் கூடாக இருந்தால் பிரைமர் குழியின் வாயைச் சுற்றி ஒரு வளையம் அழுத்தியிருப்பார்கள். 5.56 கூடுகளில் இது சகஜம். அந்த விளிம்பை நீக்கும் கருவியோ அழுத்தி விரிக்கும் கருவியோ போட்டு எடுக்காமல் எந்தப் பிரஸ்ஸும் அதில் பிரைமரைப் போடாது. .45 ஏ.சி.பி. என்ற கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு வேறு பொறி காத்திருக்கிறது. அந்தக் கூடு பெரிய பிரைமர் குழியோடும் வருகிறது, சிறிய குழியோடும் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பெரிய பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், சிறியது 0.175. பெரியதைச் சிறிய குழியில் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிரப்ப உட்காருவதற்கு முன் கூடுகளைக் கவிழ்த்து வைத்து வகை பிரித்துவிட்டால் நிம்மதி.

கூட்டில் தப்பில்லை என்றால் பிரஸ்ஸைப் பாருங்கள். ராமில், பிரைமரை ஏந்திவரும் பிரைமர் கை வந்து அமரும் பள்ளத்தில் சாம்பல் கட்டியாகப் படிந்திருக்கும். கை முழுதும் உள்ளே போகாது, பிரைமர் நடுவிலிருந்து விலகிச் சாய்ந்து ஏறும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் பிரைமர் கோப்பையின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறதா, உள்ளே உள்ள தள்ளு தண்டு பெரிய பிரைமருக்கா சிறியதற்கா என்று பாருங்கள். அளவு மாற்றிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் பிரஸ்ஸைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஷெல் ஹோல்டரின் அடியில் ஒரே ஒரு மருந்துத் துகள் சிக்கினாலும் அது சாய்ந்து நிற்கும்.

பிரைமர் போகும் வழியில் எண்ணெய் ஆகவே ஆகாது. பிரைமரைக் கொண்டுவரும் சறுக்கும் பட்டை காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். டில்லன் 550 போன்ற பிரஸ்களில் அந்தப் பட்டை மக்கர் செய்தால் முக்கால்வாசி நேரம் அடியில் சிந்திய மருந்துதான். பிரைமர் குழாயின் அடியில் ஒரு பிளாஸ்டிக் முனை இருக்கிறது, அது தேய்ந்தாலும் வளைந்தாலும் பிரைமர் விழாது. மலிவான பாகம், இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்தோ சாய்ந்தோ போன பிரைமரை மறுபடி அழுத்தி நேராக்கப் பார்க்காதீர்கள். எண்ணெயில் ஊறப் போட்டால் செத்துவிடும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். அப்படி ஊறியவை பிறகும் வெடித்திருக்கின்றன. குழாயில் அடுக்கிய பிரைமர் சிக்கினால் கம்பி விட்டுக் குத்தவே கூடாது. ஒன்று வெடித்தால் மொத்த அடுக்கும் சேர்ந்து வெடிக்கும்.

அளவு ஒருமாதிரி வராவிட்டால்

டையின் மரை அளவு நெடுங்காலமாக ஒரே தரம்: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் போன்ற சில பிரஸ்களில் அந்த மரை சட்டத்திலேயே வெட்டப்படாமல், தனியாகத் திருகி மாட்டும் ஒரு புஷ்ஷில் இருக்கும். டையைக் கழற்றும்போது டையோடு சேர்ந்து புஷ்ஷும் கொஞ்சம் சுழன்றுவிடும். உங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை டையைப் பூட்டும் லாக் நட்டை அதே இடத்தில் வைத்துப் பூட்டினாலும் அளவு மாறிவிடும். "நேற்று சரியாக இருந்தது, இன்று மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்தப் புஷ்ஷைத்தான்.

டையைப் புதிதாக அமைக்கும்போது, ராமை உச்சிக்கு ஏற்றி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, ராமைத் தாழ்த்திவிட்டு இன்னும் அரைக்கால் முதல் கால் சுற்று இறக்குவது ரைஃபிள் டைகளின் வழக்கமான தொடக்கப் புள்ளி. கார்பைடு வளையம் உள்ளதை மட்டும் அப்படி முட்ட விடாதீர்கள். கார்பைடு கடினம், ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி விட்டால் போதும். லாக் நட்டைக் கூடு உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பூட்டினால் டை நேராக நிற்கும்.

குண்டு உட்காரும் ஆழம் மாறினால், முதலில் குண்டு தள்ளும் தண்டின் குழியைச் சுத்தம் செய்யுங்கள். ஈயக் குண்டுகளின் மெழுகு அங்கே சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, தோட்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்கிக்கொண்டே போகும். இன்னொன்று, குண்டின் நுனியில் வைத்து அளக்காதீர்கள். நுனி ஒவ்வொரு குண்டிலும் கொஞ்சம் வேறுபடும். வளைவில் வைத்து அளக்கும் கருவி உண்டு, அதில் பார்த்தால் பிரஸ் மீது நீங்கள் போட்ட பழி பாதி கழிந்துவிடும்.

பல நிலைப் பிரஸ்களின் சேட்டை

ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் பிரஸ்களில், கூடுகள் நிற்கும் தட்டு சுழன்று அடுத்த நிலைக்குப் போவதில்தான் வில்லங்கம். டில்லன் 550இல் தட்டைக் கையால்தான் சுழற்ற வேண்டும், அதனால் அங்கே குற்றம் பெரும்பாலும் கவனச் சிதறலுடையது. ஹார்னடியின் ஐந்து நிலைப் பிரஸ்ஸில் தட்டை நகர்த்த இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. ராம் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றொன்று வேலை செய்யும். தட்டு சரியான இடத்துக்கு முன்பே நின்றுவிடுகிறதா, தாண்டிப் போகிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்து, அந்தக் கொக்கியின் திருகை அரைக்கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் சரிசெய்யுங்கள். அதற்கு முன் தட்டின் நடுப் போல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு அதோடு முடிந்துவிடும். டைகள் மாட்டிய தலையே சுழலும் லீ நிறுவனத்தின் டரட் பிரஸ்ஸில் சதுரத் தண்டைப் பிடித்துச் சுழலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகம் இருக்கிறது. ஓட்டத்தின் நடுவில் தலையைக் கையால் வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் அது தேய்ந்து வழுக்கும்.

பாதி ஓட்டத்தில் எது தடைபட்டாலும், ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நிலையிலும் நிற்கும் கூடுகளை வெளியே எடுத்துவிடுங்கள். மருந்து விழுந்த கூடு எது, விழாதது எது என்று அந்தக் குழப்பத்தில் நினைவு வைக்க முடியாது. ஒன்றில் மருந்தே இல்லாமல் போனால் குண்டு துப்பாக்கிக் குழாயிலேயே சிக்கும். இன்னொன்றில் இரட்டிப்பாக விழுந்தால் துப்பாக்கியே சிதறும். எடுத்தவற்றின் மருந்தைக் கொட்டிவிட்டு, முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள். நாலைந்து கூடு வீணாவது ஒரு பொருட்டே அல்ல.

தட்டு முழுக்கக் கூடு நிற்கும்போது ஓர் அளவும், ஒன்றே ஒன்று நிற்கும்போது வேறு அளவும் வருவது இந்தப் பிரஸ்களின் இயல்பு. எல்லா நிலைகளிலும் விசை விழும்போது தட்டு சற்றே சாயும். அதனால் டைகளை இறுதியாகச் சரிசெய்வது தட்டு நிரம்பியிருக்கும்போதுதான்.

பாகமும் பழைய பிரஸ்ஸும்

பாகம் உடைந்துவிட்டால் முதலில் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். இந்தத் துறையில் உத்தரவாதம் தாராளம். டில்லன் வாழ்நாள் உத்தரவாதத்தாலேயே பெயர் வாங்கிய நிறுவனம். படம் எடுத்து அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும். பட்டறையில் கடைந்து போடலாம் என்று இறங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இணைப்பு ஊசியை மட்டமான எஃகில் செய்து போட்டால் அது தானும் தேய்ந்து சட்டத்தின் துளையையும் தேய்த்துவிடும்.

பழைய பிரஸ் வாங்கப் போகிறவர்கள், ராமை உச்சியில் நிறுத்திப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மெல்லிய ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். 'லொடக்' என்று கேட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மரையில் விரலாலேயே திருகிப் பாருங்கள், கடைசி மரைவரை தடையில்லாமல் இறங்க வேண்டும். சட்டத்தில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பழுது பார்த்து முடித்ததும் நேரடியாக நிரப்ப உட்காராதீர்கள். பிரைமரும் மருந்தும் இல்லாமல் வெறும் கூட்டில் குண்டு மட்டும் வைத்துச் சில போலித் தோட்டாக்கள் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் அளந்து, கூட்டின் அளவுமானியில் போட்டு, தானாக விழுகிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒத்து வந்தால் லாக் நட்டின் மேலும் டையின் மேலும் சேர்ந்தாற்போல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை ஏதாவது நகர்ந்தால் கோடு விலகியிருப்பதே காட்டிக்கொடுத்துவிடும்.